வலது கால் ‘க’

தேவகி வெட்டிய தோல் இத்தாலி வரைக்கும் போயிருக்கிறது; தேவகி பெங்களூரைக்கூடப் பார்த்ததில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் வேலை. அவள் வெட்டின ஷூவுக்குள் எவனோ ஒரு வெள்ளைக்காரன் பெயரை அடித்து அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் பிரேம்நாத் என்கிற டிசைனர் சென்னையிலிருந்து வந்து, “ஊரே சேர்ந்து ஒரு எழுத்துரு பண்ணப்போறோம். ஆளுக்கு ஒரு எழுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் நாலஞ்சு பேர். ஓட்டுல ஜெயிக்கிறது கம்ப்யூட்டருக்குள்ள போகும், அப்புறம் ஊர் போர்டு எல்லாத்துலயும் அதான்” என்றதும் அவளுக்கு ஆசை பற்றிக்கொண்டது. தன் கைவேலை ஒன்றாவது இந்த ஊரில் நிற்க வேண்டும். நாலு பேர் அதை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு ‘க’. பக்கத்து டேபிள் ஷஹீன் பானுவுக்கு ‘ம’.

வரையலாம், வெட்டலாம், எப்படி வேண்டுமானாலும் செய்யலாம் என்றார்கள். கத்தி பிடித்த கை பேனாவுக்கு அடங்குமா? கட்டிங் ஆட்கள் எல்லோரும் துண்டுத் தோலில்தான் வெட்டினார்கள். தேவகி அட்டையில் ‘க’ போட்டு, அதைத் தோல்மேல் வைத்து, வளைவில் பிசிறில்லாமல் வெட்டி எடுத்தாள். பிறகு அட்டையைத் திருப்பிப் போட்டு இன்னொன்று வெட்டினாள். ஏன் என்று யோசிக்கவில்லை. ஷூவில் இடது காலுக்கு வெட்டினால் வலது காலுக்கும் வெட்டியாக வேண்டும். ஒற்றையாகப் போனால் சூப்பர்வைசர் பேசுவதைக் காதால் கேட்க முடியாது. இரண்டுக்கும் ரப்பர் பேண்ட் மாட்டி ஜோடியாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஓட்டு நாளன்று கல்யாண மண்டபத்தில் நல்ல கூட்டம். ஆளுக்கு ஒரு சிவப்புப் பொட்டு கொடுத்தார்கள். பிடித்த எழுத்தின்மேல் ஒட்ட வேண்டும். சுவரில் தேவகியின் ‘க’ மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நின்றது.

“இன்னா தேவகி, கண்ணாடில பாத்து வெட்டுனியா?” பானு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“மொதல்ல உன் ‘ம’வைப் பாரு.”

பானு பார்த்தாள். சிரிப்பு நின்றது. கட்டிங் செக்‌ஷன் எழுத்து மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பித்தான் தொங்கியது.

பிரேம்நாத் மைக்கைப் பிடித்தார். “இது தப்பு இல்லீங்க! உழைக்கிற மக்கள் எழுத்தையே திருப்பிப் போட்டுக் கேள்வி கேக்குறாங்க!”

மைக்கில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஜனம் கைதட்டியது. திரும்பின ‘க’வின்மேல் பொட்டுகள் குவிந்தன.

தேவகிக்கு வயிறு கலங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்துவிடலாம். ஆனால் ஆயுசுக்கும் ஊர் போர்டில் கோணல் ‘க’ நிற்கும். எந்த மவராசி வெட்டினாள் என்று ஆட்டோக்காரன்கூடக் கேட்பான்.

“சார், அது வலது கால் சார்.”

“என்னம்மா?”

“வலது. எடது எங்க? ஜோடியா தான குடுத்தேன்!”

“எல்லாமே ரெண்டு ரெண்டா இருந்துதும்மா. நேரா இருந்ததுல புதுசா ஒண்ணுமில்லன்னு மண்டபத்துல வேலை பாக்குற பசங்ககிட்ட குடுத்துட்டேன்…” எங்கே போயிற்று என்று அவருக்கும் தெரியவில்லை.

கலங்கின வயிறு அதற்குமேல் பொறுக்கவில்லை. பின்பக்கம் ஓடினாள். அங்கே ஒரு அட்டை, அம்புக்குறி, பசங்கள் ஒட்டிவைத்த தோலெழுத்தில் ‘கழிப்பிடம்’. முதலில் அவளுடைய இடது கால் ‘க’, கடைசியில் பானுவின் ‘ம’. வந்த வேலையை மறந்து போர்டைப் பிடுங்கினாள்.

“யம்மா, போர்டைத் தூக்கினு போனா வர்றவங்க எப்படிப் போவாங்க?” வரிசையில் நின்ற பெரியவர் பதறினார்.

“மோந்து பாத்துப் போவாங்க. நவுரு பெரியவரே!”

மேடையில் அதை நிமிர்த்தி வைத்துக் கேட்டாள்: “காலையிலேர்ந்து இதைப் படிக்கத் தெரியாம யாராவது பேஜார் பட்டீங்களா?”

ஒருவரும் இல்லை. மண்டபத்தில் எல்லோரும் தேடிப் படித்த போர்டு அது ஒன்றுதான். சுவரிலிருந்த பொட்டுகள் பிய்ந்து பிய்ந்து இங்கே வந்தன. பிரேம்நாத் தலையைச் சொறிந்தார். கடைசியில் தன் பொட்டையும் ‘க’வின்மேலேயே ஒட்டினார்.

அந்தப் போர்டின் எழுத்துகளையும் சேர்த்து எழுத்துரு தயாரானது. பழைய போர்டுகளை மாற்ற நாளாகும் என்றார்கள். உடனே போர்டு தேவைப்பட்டது ஒரே கட்டடத்துக்கு. பஸ் ஸ்டாண்டில் புதிதாகத் திறந்த ‘கட்டணக் கழிப்பிடம்’.

“போயும் போயும் இங்கயா?” என்றாள் பானு.

“இதுல இன்னா கம்மி? எண்ணிப் பாரு, எனக்கு மூணு. ஒனக்கு ஒண்ணு, அதுவும் கடைசியில.”

அப்போது குடியாத்தம் பஸ்ஸிலிருந்து ஒரு ஆள் குதித்தான். வேட்டியைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் தேடினான். அண்ணாந்து பார்த்தான். உள்ளே ஓடினான்.

“பாத்துட்டான்டி!” என்றாள் தேவகி.