எந்தப் புள்ளியை அனுப்புவது

யாராவது எனக்கு நல்லது செய்ய வந்தால் முதலில் சந்தேகம்தான் வரும். நிந்தவூரில் முப்பது வருசமாக நெல் வாங்குகிறவன் நான். மூட்டையின் வாயில் நல்ல நெல்லைப் போட்டு அடியில் பதரை மறைக்காத ஆளை இன்னும் காணவில்லை.

அதனால்தான் என் மகள் அப்னா அமெரிக்கக் கல்லூரிக் கதையைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கொழும்புக்குப் போய், அந்தக் கல்லூரிகள் கேட்கும் எஸ்.ஏ.ரி. சோதனையை இரண்டு தடவை எழுதியிருந்தாள். முதல் தடவை கணிதம் 780, ஆங்கிலம் 590. அடுத்த தடவை ஆங்கிலம் 700க்கு ஏறியது, கணிதம் 690க்கு விழுந்தது. இரண்டையும் அனுப்பினால் 780ஐயும் 700ஐயும் மட்டும் எடுத்துக் கூட்டுவார்களாம். கல்லூரியே முழுச் செலவையும் ஏற்றால்தான் அவள் போகலாம். அதற்கு அந்தக் கூட்டுத்தொகை வேண்டும். கல்முனையில் வகுப்பு நடத்தும் அவளுடைய ஆசிரியர் பர்ஹான் சேரும் இதையே சொன்னார். இதில் அவருக்கு என்ன லாபம் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிடிபடவில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது.

நான் மூட்டையில் மூன்று இடத்தில் குத்தி நெல் எடுப்பேன். எந்தப் பிடியில் பதர் கூடவோ அதற்குத்தான் விலை சொல்வேன். 690ஐக் கண்ணால் கண்ட பிறகு எந்த மடையன் 780க்கு விலை போடுவான்? போதாததற்கு, என் தம்பி அஸ்ஹர் உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுதித்தான் டொக்டரானான். இருபது வருசமாகியும் ஊர் அதை மறக்கவில்லை. அவனிடம் மருந்து எடுக்கப் போகிறவர்களே அதைச் சொல்லிக்கொண்டுதான் போகிறார்கள்.

"முதலாவத மட்டும் அனுப்பு புள்ள. ரெண்டாம் தடவ எழுதின கதையே அவனுகளுக்குத் தெரியப்படா" என்றேன்.

மூன்று நாள் வாதாடினாள், அழுதாள். நாலாம் நாள் சரி என்றாள். இவ்வளவு லேசாக ஒப்புக்கொள்கிறவளா இவள்? அவள் கணினியில் அனுப்பும்போது கதிரையை இழுத்துப் பக்கத்திலேயே இருந்து, முதலாவது புள்ளி மட்டும் போவதைப் பார்த்த பிறகுதான் எழும்பினேன்.

மார்ச் கடைசியில் கல்முனை பஸ் நிலையத்தில் பர்ஹான் சேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்னாவுக்கு முழுச் செலவும் கிடைத்துவிட்டதாம். கல்லூரிக்காரர் 1480 என்று கூட்டியிருக்கிறார்களாம். கடிதம் வந்து நாலு நாளாம்.

1480 என்றால் 780உம் 700உம்; இரண்டு சோதனைப் புள்ளியும் போயிருக்கிறது. சந்தோசமும் கோபமுமாக எப்படி வீடு வந்து சேர்ந்தேனோ தெரியாது.

அப்னா மறைக்கவில்லை. இரண்டு சோதனைக்கும் பதியும்போதே புள்ளியை நேரே அந்தக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டாளாம். அப்போது என்ன புள்ளி வரும் என்று அவளுக்கே தெரியாது. என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அனுப்பியது, ஏற்கெனவே போனதைத்தான் மறுபடியும்.

"அது கிடக்கட்டும். கடிதம் வந்து நாலு நாளா ஏன் எனக்குச் சொல்லல்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க அதயும் பொய்க் கடிதம் எண்டுதான் சொல்லுவீங்க வாப்பா. சேர் கல்லூரிக்கு எழுதிக் கேட்டு, உண்மதான் எண்டு பதில் வரட்டும், அதோட சொல்லுவம் எண்டு இருந்தன். பதில் வந்திட்டுப் போல, அதான் சேர் உங்களுக்குச் சொல்லியிருக்கார்."

அவள் காட்டியிருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.