வேல்விழி தூங்கிய நாற்பது நிமிடம்

வேல்விழி மதியம் தூங்குகிற நாற்பது நிமிடமும் அவளுடைய தெருவில் 1986-ஆம் வருசம் நடந்தது. சங்கரன்கோவிலில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்ட் போவதற்கு ஒரு நேரம் இருப்பதுபோல இதற்கும் ஒரு நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டே முக்காலுக்கு செல்போனில் சிக்னல் போகும், விசைத்தறிச் சத்தம் அடங்கும், மண்ணெண்ணெய் அடுப்பு வாசனையும் யார் வீட்டு ரேடியோவிலிருந்தோ செய்தியும் வரும். மூக்காண்டி அண்ணாச்சி தினமும் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு, அந்த நாற்பது நிமிடமும் முட்டி வலி இல்லாமல் உட்கார்ந்திருப்பார். செல்போனில் ஆர்டர் பிடித்துத் துணி தைக்கும் பக்கத்து வீட்டு ஹஸ்னா பானுவுக்குத்தான் சடவு. "ஏட்டி வேல்விழி, நீ கண்ண மூடுனா எனக்கு நெட்டு போயிருது. கொஞ்சம் முன்னப்பின்ன தூங்கக் கூடாதா?" என்று கேட்டாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வருகிறவளுக்கு அதுதானே தூங்கும் நேரம்.

இத்தனைக்கும் காரணம் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் அனு பொங்கலுக்கு வந்தபோது மறந்து வைத்துவிட்டுப் போன ஒரு தலைப்பட்டை. அதை மாட்டிக்கொண்டு தூங்கிக் கனவு வந்தால் கண்ணுக்கு மேலே சிவப்பாக மினுக்கும். "அந்த லைட்டப் பாத்ததும் இது கனவுன்னு உள்ளயே தெரிஞ்சிரும்மா. அப்புறம் நீ நினைச்சதச் செய்யலாம். பறக்கக்கூட செய்யலாம்" என்று அனு போனில் சொன்னாள். வேல்விழிக்குப் பறக்கிற ஆசையெல்லாம் இல்லை. அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா சண்முகையா புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை எடுத்து வந்து இங்கே விற்றவர். அதிகாலையில் சைக்கிள் கேரியரில் மகளைத் தெருமுனை வரை கூட்டிப் போவார், அங்கே அவள் குதித்து இறங்கி வீட்டுக்கு ஓடிவந்துவிடுவாள். ஐந்து வயதில் ஒருநாள் இறங்கியவள், என்ன தோன்றியதோ, "அப்பா" என்று பின்னால் கூப்பிட்டுவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். பாதி வழியில் லாரி அடித்துச் செத்துப்போனார். வெளியே கிளம்புகிறவரைப் பின்னால் கூப்பிடலாமா என்று துஷ்டி கேட்க வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். அம்மா முருகம்மாள் சாகும்வரை கேட்டாள். இருந்த ஒரே கல்யாணப் போட்டோவின் பின்னால் கரையான் புற்று வைத்தபோது, கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணை நெற்றியில் பூசுகிற ஊரில் அதைத் தட்டிவிட யாருக்கு மனசு வரும்? அம்மா மஞ்சள் தெளித்துப் பூச்சூட்டிக் கும்பிட்டாள். இரண்டே மாதத்தில் அது அப்பாவை முழுசாகத் தின்றுவிட்டது. வேல்விழிக்கு அவர் திரும்பியது ஞாபகம் இருக்கிறது. திரும்பிய முகம்தான் இல்லை. நாற்பத்து மூன்று வயதில் அதை நினைத்தால் இப்போதும் அழுகை வரும்.

முதல் வாரம் சிவப்பு வெளிச்சத்தை ரயில்வே கேட் விளக்கு என்று நினைத்துக் கேரியரிலிருந்து இறங்கி நின்றே நாற்பது நிமிடத்தையும் தொலைத்தாள். அப்புறம் பிடிபட்டது. கனவு என்று தெரிந்தது, முன்னால் அப்பாவின் வியர்த்த முதுகும் தெரிந்தது, தெருமுனையில் இறங்கினாள். கூப்பிட்டால் திரும்பிவிடுவார். வாய் வரவில்லை. கனவாகவே இருக்கட்டும், அதற்காகக் கிளம்புகிற மனுசனை இன்னொரு தடவை பின்னால் கூப்பிடவா? பங்குனி முழுக்க இப்படியே போனது. கடைசியில், பின்னால்தானே கூப்பிடக் கூடாது, முன்னால் போய் நிற்கலாமே என்று அவளுக்குப் பட்டது. மறுநாள் கனவில் இறங்கிய கையோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, புளியங்குடி பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

மார்க்கெட் வாசலில் இப்போதைய வயசோடேயே காத்திருந்தாள். லாரி அடித்த இடத்தைத் தாண்டி, வேர்க்க விறுவிறுக்க, சண்முகையா வந்து சேர்ந்தார். முப்பத்தொரு வயசு. மெல்லிய மீசை, வலது புருவத்தில் ஒரு வெட்டு, லேசான தெத்துப்பல். தன்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவராக அப்பாவைப் பார்க்க வேல்விழிக்குத் தாங்கவில்லை.

"என்னக்கா, ஏன் அழுதிய? சொவமில்லையா?" என்றார் அவர். கடையில் ஒரு சோடா உடைக்கச் சொல்லி அவளுக்குக் கொடுத்தார். தானும் குடித்தார்.

"வழியில ஒண்ணும் ஆகலையே?" என்றாள்.

"ஒண்ணும் ஆகலையே. கிளம்பையில எம்மவ பின்னால கூப்பிட்டா. சகுனம்பாவ. எனக்கு அதெல்லாம் கிடையாதுக்கா. திரும்பி ஒருவாட்டி புள்ள முகத்தப் பாத்தேனா, அந்தச் சந்தோசத்துலயே மிதிச்சு வந்துட்டேன். தினமும் கூப்பிட மாட்டாளான்னு இருக்கு."

ஐந்து வயதில் அவள் கூப்பிட்டதைத்தான் சொல்கிறார். முப்பத்தெட்டு வருசமாக நெஞ்சில் கிடந்த கல் அந்த மார்க்கெட் வாசலிலேயே இறங்கிவிட்டது. அவர் "வாரேங்க்கா" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தார். வேல்விழி வாய்விட்டு, மார்க்கெட்டே கேட்கும்படி "அப்பா!" என்று கூப்பிட்டாள். அவர் திரும்பினார். அக்கா என்று அழைத்த பெண்ணைப் பார்த்து, யாரென்று தெரிந்துகொண்டு, தெத்துப்பல் தெரியச் சிரித்தார்.

அந்தக் குரல் தெருவில் எல்லோருக்கும் கேட்டது. ஹஸ்னா பானு தையல் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாளாம். விழித்ததும் வேல்விழி அப்பா சொன்னதைத் தெருவுக்கே சொன்னாள். இப்போது அந்தத் தெருவில் யார் வெளியே கிளம்பினாலும் வீட்டிலிருந்து ஒருவர் பின்னால் கூப்பிடுகிறார்கள். போகிறவரும் நின்று, திரும்பி, முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறார்.