என் முகத்தில் நானே மோதினேன்

என் முகத்தின் மேலேயே சைக்கிளை விட்டேன். கோட்டைப்பட்டினம் தாண்டி, சாலையோர டீக்கடை அருகே ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்த என் பேனரைத் திரும்பிப் பார்த்தேன். அந்த நேரத்தில் முன்சக்கரம் பேனரைத் தாங்கிய சவுக்குக் கட்டையில் மோதியது. கட்டை சாய்ந்து, பேனர் சரிந்து, டீக்கடைக்காரர் ஆவுடையப்பனின் வடைப் பெட்டிக் கண்ணாடி நொறுங்கியது.

'நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் முடித்த எங்கள் இரும்பு மனிதர் ஆனந்தராஜ்!' என்றது பேனர். உண்மையில் அன்றைய போட்டியில் நீச்சலை மட்டும்தான் முடித்திருந்தேன். அதிலும் மணமேல்குடிக் கடல் பல இடங்களில் இடுப்பளவுதான் என்பதால், எழுந்து நின்று மூச்சு வாங்கினேன்.

பேனரின் அடியில், 'இவண்: நல்லதம்பி மற்றும் நண்பர்கள்' என்று கைகூப்பிய நல்லதம்பியின் படம். அவனைக் கேட்கவே இல்லை. அவன் கல்யாண ஆல்பத்திலிருந்து நானே எடுத்துப் பேனர் அடிக்கக் கொடுத்தேன். எங்கள் ஊரில் தனக்குத்தானே பேனர் வைத்துக்கொண்டால் சிரிப்பார்கள், நண்பர்கள்தான் வைக்க வேண்டும். என் நண்பர்களோ, நான் ஒரு உரக்கடைக்காரன், கரை ஏறினாலே போதும் என்று சும்மா இருந்துவிட்டார்கள்.

"எவன்டா ரோட்டுல கட்டை ஊண்டுனது?" என்று ஆவுடையப்பன் பாய்ந்து வந்தார்.

என்னைப் பார்க்க வந்திருந்த நல்லதம்பி அப்போதுதான் மொபெட்டை நிறுத்தினான். பேனரைப் பார்த்தான். அதில் தன்னைப் பார்த்தான். பிறகு என்னை.

"நான்தாண்ணே வச்சேன். பொட்டிக்கு நான் பொறுப்பு."

நான் வாயைத் திறந்திருக்கலாம். சைக்கிளை நிமிர்த்தி மிதித்துவிட்டேன். முழங்காலில் ரத்தம், பின்னால் அவனுக்கு விழுந்த வசவு.

ஓட்டத்தில் வெயில் உச்சந்தலையில் உட்கார்ந்தது. தண்ணீர் கொடுத்த பெண்ணிடம் தூரம் கேட்டேன். "இந்தா, அங்கிட்டுத்தான் சார்." ஆடு மேய்த்தவரைக் கேட்டேன். "வந்துருச்சு தம்பி." வெகுநேரம் கழித்து வேறொருவரும் வந்துருச்சு என்றார். எதுவும் வரவில்லை. தொடையில் பிடிப்பு மட்டும் வந்தது.

பாலத்துச் சுவரில் உட்கார்ந்தேன். பின்தங்கியவர்களை ஏற்றும் வேன் பக்கத்தில் நின்று கதவைத் திறந்தது. ஏறினால் பேனர் பொய்யாகும், அந்தப் பொய்க்குக் கையெழுத்து நல்லதம்பியுடையது. வேண்டாம் என்று கையாட்டினேன்.

வேன் நகர்ந்ததும் மொபெட் வந்தது. பின்னால் சுருட்டிய பேனர்.

"எதுக்குடா அது?"

"கோழிக்கூண்டுக்கு மேல போட. ஒன் மூஞ்சி உள்பக்கம் வர்ற மாதிரி போடுறேன். கோழி பாத்துக்கிட்டுக் கெடக்கட்டும்."

சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். "நான்தான்டா வச்சேன். ஒன் படத்தையும்..."

"தெரியும். கேட்டிருந்தா நல்ல படமா குடுத்திருப்பேன்ல? அதுல மாமனாரு மோதிரம் போடலன்னு அழுதுக்கிட்டு நிக்கிறேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "எவ்வளவு தூரம்டா இருக்கு? எல்லாரும் இந்தா இந்தாங்கிறாங்க."

அவன் கைபேசியைப் பார்த்தான். சாலையைப் பார்த்தான். என் முழங்காலையும் பார்த்தான்.

"முழுசா ரெண்டு கிலோமீட்டர் கெடக்கு. நடந்தா நேரம் பத்தாது. ஓடுனா முடிச்சிருவ. வலிக்கும். எந்திரி."