சிவப்புக் கம்பளி நூல்

என் மனைவி கேஷே இறந்த பிறகு வந்த முதல் ஜூன் மாதத்திலும் சைபீரிய ஐரிஸ்கள் வழக்கம்போலப் பூத்தன. அவை பூத்ததில் எனக்கு மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தேன். கோப்பையில் சூடான தேநீர் பட்டதும் கற்கண்டு வெடிக்கும் ஒலி கேட்டது. குடித்தேன், கழுவி வைத்தேன்.

அந்தப் பாத்தி அவளுடையது. மகரந்தத்தைத் தன் கையால் தொட்டு வைத்து, விதை எடுத்து, அவள் வளர்த்த கன்றுகள் அதில் நின்றன. விதையிலிருந்து வரும் கன்றுகளில் ஒன்று மற்றொன்றைப் போல் இராது. ஆகவே வளர்ப்பவர் அவை பூக்கும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்த்து, ஏறக்குறைய எல்லாவற்றையும் பிடுங்கி எருக்குவியலில் எறிவார். மிஞ்சும் ஒன்றுக்குத்தான் பெயர். கேஷே அதுவரை எதற்கும் பெயர் வைத்ததில்லை. முன்பு வளர்த்தவை எல்லாமே எருவாயின.

அதற்கு முந்தைய ஜூனில் இந்தக் கன்றுகள் முதன்முறையாகப் பூத்தபோது, சிவப்புக் கம்பளி நூலுருண்டையுடன் அவள் பாத்திக்குப் போனாள். அன்று மாலையே வலி தொடங்கியது. பிறகு மருத்துவமனை, அக்டோபரில் இடுகாடு. எதையும் எழுதி வைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. எந்தக் கன்றில் நூல் கட்டினாள் என்பது செடியில் மட்டுமே இருந்தது. நவம்பரில் அடுத்த வீட்டு வீப்கே, காய்ந்த தண்டுகள் அனைத்தையும் நூலோடு சேர்த்துத் தரைமட்டமாக அறுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அயலார் தோட்டத்தைத் துப்புரவாக்குவதை உதவி என்று கருதும் ஊர் எங்கள் ஊர். பழுத்த இலை ஒன்று வேலிக்கு மேல் தெரிந்தாலும் இங்கு எவருக்கும் உறக்கம் பிடிக்காது.

ஐரிஸ் சங்கத்தின் தலைவி தொலைபேசியில் அழைத்தார். கேஷேயின் கன்றுகளில் சிறந்த ஒன்றுக்கு அவளுடைய பெயரையே சூட்டிச் சங்கத் தோட்டத்தில் நட விரும்புவதாகவும், எது என்பதை நான் சொன்னால் போதும் என்றும் கூறினார். சிறந்தது எது என்பதை நான் சொல்வதற்கில்லை. அவள் நூல் கட்டி எதைத் தேர்ந்தாளோ அதுவே அவள் பெயரைத் தாங்க வேண்டும் என்றேன். பெயர்ப்பலகைகளில் உண்மையல்லாததை எழுதிவைக்கும் அலட்சியம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளின் பிழைகளைத் திருத்தியவன், தன் மனைவியின் பெயரிலேயே பிழை நேர விடுவதா?

நூல் எந்தச் செடியில் இருந்தது என்று வேலியருகே வீப்கேயைக் கேட்டேன். எங்கள் ஊர் வணக்கத்தோடு பதில் வந்தது.

“மொய்ன், வாத்தியாரே! இதுக்கா இவ்வளவு யோசனை? நூல் கட்டியிருந்தது ஒரே ஒரு செடியிலதான். அறுத்தவளே நான்தானே! அதோ, ஓரத்துல நிக்குதே, பெரிய நீலம்.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“என் வீட்டுக்காரர் பேரை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன். பூவைப் பாருங்க, சாப்பாட்டுத் தட்டு மாதிரி! கேஷேக்காவுக்கு நல்ல கண்ணு.”

மறுநாள் பெய்த மழையில் அந்தப் பெரிய நீலம் சேற்றில் முகம் குப்புற விழுந்து கிடந்தது. வீப்கே மூங்கில் குச்சிகளுடன் வந்து நிமிர்த்திக் கட்டினார். “பெரிய மனுஷின்னா கொஞ்சம் சாஞ்சுதான் நிப்பா, வாத்தியாரே,” என்றார். மற்ற கன்றுகள் நீரை உதறிவிட்டு நேராக நின்றன. அதைக் கண்டேன். கண்டதிலிருந்து எந்த எண்ணமும் எழவில்லை.

தேர்ந்தது போக மற்றவற்றை அகற்ற வேண்டும் என்பது கேஷேயின் விதி. ஜூலை இறுதியில் மண்வாரியை எடுத்து, நீலத்தைத் தவிர எல்லாவற்றையும் தோண்டி எருக்குவியலுக்குத் தள்ளினேன். உள்ளங்கையில் கொப்புளம் எழுந்தது. அது என் கை என்று அறிந்தேன், அவ்வளவே.

ஆகஸ்டு முடியும் தறுவாயில், சங்கத்துக்காகச் செடியைப் பிரித்துக்கொண்டு போக ஒன்னோ வந்தான். அவன் ஓய்வுபெற்ற பல் மருத்துவன். கேஷேயோடு மகரந்தத்தையும் வசவையும் சரிசமமாகப் பரிமாறிக்கொண்டவன். இடுப்பு எலும்பு அறுவையால் ஜூனில் அவனால் வர இயலவில்லை.

“என்ன ஹேயோ, உயிரோடதான் இருக்கியா?”

“இருக்கேன்.”

“மூஞ்சி அப்படிச் சொல்லலையே. சரி, எங்க நம்ம மகாராணி?”

காட்டினேன். வெறும் பாத்தியின் ஓரத்தில் மூங்கில்களுக்கு நடுவே அது தனியாக நின்றது. ஒன்னோ கைத்தடியால் ஒரு குச்சியைத் தட்டிப் பார்த்தான்.

“இது என்ன, ஊன்றுகோலா? எனக்குத்தான் இடுப்பு போச்சுன்னு நெனச்சேன்.”

“மழையில சாஞ்சுது. வீப்கே கட்டினாங்க.”

“சாயறதை எதுக்குடா வெச்சிருக்க?”

“கேஷே தேர்ந்தெடுத்தது. சிவப்பு நூல் கட்டியிருந்தா.”

ஒன்னோ கவிழ்த்துவைத்திருந்த வாளியின் மேல் மெல்ல உட்கார்ந்தான்.

“ஹேயோ, சிவப்பு நூல் கட்டினா தூக்கி எறியணும்னு அர்த்தம்டா. நாங்க ரெண்டு பேரும் எப்பவும் அப்படித்தான். பூ உதிர்ந்துட்டா எல்லாமே ஒரே மாதிரி புல்லுதானே? எது உதவாக்கரைன்னு அப்புறம் எப்படித் தெரியும்? அதான், பூக்கறப்பவே கழுத்துல கயிறு.”

“நல்லதுக்கு?”

“நல்லதுக்கு ஒண்ணும் கட்ட மாட்டோம். அது பாட்டுக்கு நிக்கும்.” மீண்டும் குச்சியைத் தட்டி, “மூங்கில் வெச்சுக் கட்டினீங்களா! கேஷே பாத்திருந்தா உங்க ரெண்டு பேரையும் சேத்து எருக்குவியல்ல போட்டிருப்பா,” என்று சிரித்தான். நானும் சிரிக்க முயன்றேன். முகம் இணங்கவில்லை.

ஆக, வலி தொடங்குமுன் அன்று அவள் பாத்தியில் முடித்த வேலை அந்த ஒன்றை விலக்கியது மட்டுமே. தேர்வு நிகழவே இல்லை. நான் தேடிய முடிவை அவள் எடுத்திருக்கவில்லை. அவள் வேண்டாம் என்ற ஒரே செடிக்கு அவள் பெயரைக் கொடுக்கவிருந்தேன்.

“மத்ததெல்லாம் எங்க?” என்றான் ஒன்னோ.

அழைத்துச் சென்றேன். வெட்டிய புல்லும் முட்டை ஓடும் தேயிலைச் சக்கையுமாகக் கிடந்த குவியலைத் துளைத்துக்கொண்டு ஐரிஸ் இலைகள் வெளிவந்திருந்தன, கத்தி நுனிகளைப் போல. தலைகீழாக விழுந்தவைகூட வளைந்து மேலே திரும்பியிருந்தன.

“சாகாத சாதி,” என்றான் ஒன்னோ. “ஆனா எது எதுன்னு இனிமே அந்தக் கடவுளுக்கே தெரியாது.”

சங்கத் தலைவியை அழைத்து, பெயர் சூட்டுவதற்கில்லை என்று தெரிவித்தேன்.

“பலகை எழுதக் குடுத்தாச்சே, சார்!”

“எழுதினதை அழிக்கச் சொல்லுங்க,” என்றேன்.

குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் பாத்தியில் நட்டேன். ஒன்னோ வாளியில் அமர்ந்தபடி, “கோணலா இருக்கு, வாத்தி,” என்று தடியை நீட்டிக்கொண்டிருந்தான். இறுதியில் பெரிய நீலத்தை மூங்கில்களோடு பெயர்த்தேன். வேலிக்கு அப்பால் வீப்கேயின் தலை எழுந்தது.

“ஐயய்யோ, வாத்தியாரே! அதைப் போயா?”

“மழைக்கு நிக்காதது, வீப்கே.” குவியலின் மேல் அதை வைத்தேன். “உங்ககிட்ட சிவப்புக் கம்பளி நூல் இருக்குமா?”

“இப்ப எதுக்கு?”

“ஜூனுக்கு. அடுத்த ஜூனோ, அதுக்கு அடுத்ததோ. பூக்கட்டும், மழை பெய்யட்டும், பாக்கறேன்.”

“காலுறை பின்னினதுல மிச்சம் கொஞ்சம் கிடக்கு. ஆரஞ்சு மாதிரி இருக்கும், பரவாயில்லையா?”

“இல்லை,” என்றேன். “சிவப்புதான் வேணும்.”