ஒரே காணொளி, வேறு வேறு வசவு

ஒரே காணொளி. பார்த்ததும் ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். அப்படியிருந்தும் நாத்தனாரின் போனில் ஒரு வசவும் அண்ணியின் போனில் வேறு வசவும் எப்படி வந்தன?

பல்செட்டு செய்கிற பட்டறை அது. நாத்தனார் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி ஈறின் அச்சை எடுப்பாள்; அண்ணி அதன்மேல் மெழுகில் பல் பதிப்பாள். அண்ணியின் பிறந்த வீட்டில் பேசுவது வேறு மொழி. கல்யாணமாகி வந்து இந்த மொழியைக் கற்றுக்கொண்டவள், இப்போது சண்டையும் இதிலேயே போடுவாள்.

காணொளியில், ரயிலில் எந்த மொழியில் பேசுவது என்று இரண்டு பேர் மல்லுக்கட்டினார்கள்.

"எங்களை நாட்டை விட்டே துரத்தணும்னு உங்க ஆளுங்க எழுதியிருக்காங்க, பாத்தீங்களா அண்ணி?"

"அப்படி எதுவும் இல்லையே. உங்க ஆளுங்கதான் எங்களை ஒட்டுண்ணிங்கிறாங்க."

"யாரும் அப்படி எழுதலை. சும்மா சொல்லாதீங்க."

"அப்ப நான் புளுகுறேன்?"

அண்ணி மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். "நாளையிலேர்ந்து எங்க அண்ணன் பட்டறைக்குப் போறேன்."

நாத்தனாருக்குத் தெரியும், இது பட்டறையோடு நிற்காது, வீட்டு அடுப்பும் இரண்டாகும். இந்த நேரத்தில் இன்னும் எத்தனை வீட்டில் இதே பேச்சு நடக்கிறதோ?

மேல் அச்சும் கீழ் அச்சும் சேர்ந்து கடிக்கவில்லையென்றால் பல்லை அவள் குறை சொல்ல மாட்டாள். அச்சுகளை மாட்டிய சட்டத்தைத்தான் முதலில் பார்ப்பாள்.

"அண்ணி, உங்க போனைக் குடுங்க."

"எதுக்கு, அழிச்சிட்டு இல்லேன்னு சாதிக்கவா?"

"பக்கத்துல வச்சுப் பாக்கத்தான்."

இரண்டு போனையும் மேசையில் ஒட்டி வைத்தாள். இரண்டிலும் கருத்துகளின் தலைமாட்டில் பொடி எழுத்தில் 'முக்கியமானவை' என்று இருந்தது. யாருக்கு முக்கியம்? போனுக்கு மொழிப்பற்று கிடையாது. கட்டைவிரல் எந்த வரியில் அதிக நேரம் நிற்கிறது என்றுதான் அது பார்க்கும். சுருக்கென்று தைத்த வரியில்தானே விரல் நிற்கும்? அதே ரகத்தில் இன்னும் நாலைத் தூக்கி மேலே வைத்துவிடும். அவரவர் புண்ணுக்கேற்ற முள்.

அந்த எழுத்தைத் தொட்டாள். 'புதியவை' என்று இன்னொன்று விரிந்தது. இரண்டு போனிலும் அதை அழுத்தினாள்.

வரிசை ஒன்றானது. வசவு ஒழிந்துவிடவில்லை, துரத்தணும் என்பதும் இருந்தது, ஒட்டுண்ணி என்பதும் இருந்தது. ஆனால் நடுவே நிறையப் பேர், அந்த ரயில் பெட்டியில் மின்விசிறி ஓடுமா என்று இரண்டு மொழியிலும் விசாரித்திருந்தார்கள்.

அண்ணி கடைசி வரை தள்ளிப் பார்த்தாள். "நீயும் பொய் சொல்லலை."

"நீங்களும்தான்."

"இங்க மெழுகு இறுகிப்போச்சு. எல்லாம் உன்னாலதான்." அதை உருக்க அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்றைக்கே குடும்பக் குழுவில் நாத்தனார் ஒரு மொழியிலும் அண்ணி மறு மொழியிலும் எழுதினார்கள்: சண்டைக் காணொளி வந்தால், கருத்துகளில் 'முக்கியமானவை' என்பதைப் 'புதியவை' என்று மாற்றுங்கள். எல்லார் போனிலும் ஒரே வரிசை வரும்.