சாளரத்து நீலம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடித் துண்டு ஒரு பெண்ணைத் தூங்கவைத்த கதையைச் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் சௌரிராஜன் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் சம்சாரம் வைஜயந்தி. ஒரே பிள்ளை கோபு, பொன்மலை ரயில்வேயில் குமாஸ்தா. சைக்கிளில்தான் போய்வருவான். முப்பத்தாறாம் வருஷம் விஷ ஜுரம் வந்து போய்விட்டான். அவன் பெண்டாட்டி கமலவல்லி இருபது வயதில் வெள்ளைப் புடவைக்கு மாறினாள். அவளுடைய நீலப் பட்டுப்புடவையை வைஜயந்தியே தன் கையால் மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அதற்கப்புறம் தெருவில் சைக்கிள் மணி கேட்டால் போதும், கமலவல்லிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். வேர்த்துக் கொட்டும். தூக்கம் என்பதே இல்லை. ஆறு மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தாயிற்று, இவளையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று வைஜயந்தி பயந்தாள்.

தென்னூரில் வர்ண வைத்தியம் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வாத்தியார் போய்வந்தார். நீலம் படபடப்பை அடக்குமாம். நீலப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்துக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் நீலத் துணி உடுத்த வேண்டும். பாட்டில் தண்ணீர் ஆசாரத்துக்கு ஆகாது என்றுவிட்டாள் வைஜயந்தி. துணியைப் பற்றியோ பேசவே முடியாது. வாத்தியார் கூடத்துச் சாளரத்தில் விழும் வெயிலைப் பார்த்தார்.

"வெளிச்சத்துக்குத் தீட்டு உண்டோடி?" என்றார்.



மறுநாள் கண்ணாடிக்கடை கலீல் வந்து, வெளியே ஏணி போட்டுக் கூடத்துச் சாளரத்தில் நீலக் கண்ணாடியைப் பொருத்திவிட்டுப் போனார். மூன்று மணி வெயிலுக்குத் தரையில் ஒரு பாய் அகலத்துக்கு நீலம் விழுந்தது. அதில் கோரைப்பாயைப் போட்டுக் கமலவல்லியை உட்காரச் சொல்லிவிட்டு வைஜயந்தி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். பெண் முதலில் சும்மா இருந்தாள். அப்புறம் குனிந்தாள். வெள்ளைப் புடவை முழுக்க நீலம். கொசுவத்தை மெதுவாக நீவிவிட்டாள். தலைப்பை விரித்துத் தோளில் சரி செய்துகொண்டாள். தலைதீபாவளிக்குப் புதுப்புடவை உடுத்திக்கொண்டு செய்த அதே காரியம்.

வெயில் நகர்ந்தது, நீலமும் நகர்ந்தது. வைஜயந்தி வந்து, கோரைப்பாயை அதன் பின்னாலேயே இழுத்துப் போட்டாள். தினமும் அப்படித்தான்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, உறைமோர் வாங்க வந்த எதிர்வீட்டுச் செண்பகவல்லி வாசலை அடுத்த ரேழியிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன மாமி, நாட்டுப்பொண்ணுக்கு நீலம் உடுத்தி அழகு பாக்கறேளா?"

"நான் உடுத்தலைடி. சூரியநாராயணன் உடுத்தியிருக்கார். கேக்கணும்னா அவரைக் கேட்டுக்கோ."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் சைக்கிள் மணி அடித்தது. வைஜயந்தி திடுக்கிட்டுத் திரும்பினாள். கமலவல்லி கையைத் தலைக்கு வைத்து, நீலத்துக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வைஜயந்தி செண்பகவல்லியைப் பார்த்து, பேசாதே என்று வாயில் விரல் வைத்தாள்.

உங்கள் வீட்டில் யாருக்கும் நெஞ்சு பதறாமல் இருக்கட்டும் கண்ணுகளா. பதறினாலும், வெளிச்சம் போகிற பக்கம் பாயை இழுத்துப்போட ஒரு கை இருக்கட்டும். வெயிலும் நிழலும் அளவாக வந்து, உங்கள் குடும்பம் நிம்மதியாகத் தூங்கி எழுந்திருக்கட்டும்.