துண்டுக்குள் நானூற்று முப்பது அடி

பூமிக்கடியில் கிடக்கும் உண்மையின் இன்றைய விலை அடிக்கு நூற்றறுபது ரூபாய், டீசல் உட்பட, என்று சொல்லிவிட்டு போர் போடுகிற ரிக் லாரிக்காரர் எந்திரத்தை நிறுத்துகிறார், வெள்ளைப் புழுதி என் தலையிலும் அப்பாவின் சட்டையிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் மாவு சலித்ததுபோல விழுந்து அடங்குகிறது, நானூற்று முப்பது அடி, ஈரம் என்று பேருக்குக்கூட இல்லை, கமிட்டித் தலைவர் காசிராஜன் அண்ணாச்சி என்னைப் பார்க்கிறார், சொத்தை மிளகாய் வத்தலைக் கலந்து விற்றவனைப் பார்க்கிற பார்வை, என்ன பாப்பா, நீ சொன்ன அடி வந்தாச்சே, தண்ணி எங்க, நான் சொன்ன அடியா அது அண்ணாச்சி, என்று கேட்க வாய் வரவில்லை, ஏனென்றால் நான் சொன்ன அடிதான் அது, சொன்னது வாயில்லை, விரல்.

புவி இயற்பியல் படிக்கிறேன் என்றால் எங்கள் மார்க்கெட்டில், மேப்பு போடுவியாம்மா என்று கேட்பார்கள், வங்கி மேலாளரும் அதையேதான் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார், அப்புறம் கடனுக்கு ஈடாக நிலம் இருக்கிறதா என்றார், நிலத்துக்குள்ளே பார்க்கிற படிப்புக்கு நிலத்தையே அடமானம் கேட்கிறாரே என்று அப்பா வெளியே வந்து சிரித்தார், வத்தல் மண்டித் தரகருக்கு நிலம் ஏது, நாக்குதான் உண்டு, அந்தச் சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் தாங்கியது, பிறகு மூன்று உதவித்தொகை, மூன்று விண்ணப்பம், ஒன்றில் வயது போதாது, ஒன்றில் மதிப்பெண் போதாது, ஒன்று பதிலே போடவில்லை, மூன்றாம் பருவக் கட்டணம் இருபத்திநாலாயிரம், கட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், கடைசி நாள் நாளை, நேற்றும் அது நாளையாகத்தான் இருந்ததுபோல ஒரு மயக்கம், கடைசியில் மகமைக் கமிட்டி, விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் வியாபாரிகள் எடுத்துவைக்கிற பொதுப்பணம், அதில்தான் இந்தப் பள்ளிக்கூடம், அதில்தான் வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்குப் படிப்புச் செலவு.

தர்றோம்மா, தராம எங்க போகப்போறோம், ஸ்கூல் கிணறு வத்திக் கிடக்கு, உன் மிஷினை வச்சு ஒரு இடத்தைக் காட்டு, என்றார் அண்ணாச்சி, கல்லூரித் துறையில் கெஞ்சி மீட்டரை வாங்கிவந்தேன், மைதானத்தில் நான்கு கம்பிகளை அறைந்து, மின்சாரத்தை மண்ணுக்குள் அனுப்பி, அது எங்கே முரண்டுகிறது எங்கே இளகுகிறது என்று இரண்டு நாள் அளந்தேன், பிள்ளைகள் ஷாக் அடிக்குமாக்கா என்று சுற்றி நின்றார்கள், தாளில் கோடு ஏறிக்கொண்டே போய் ஐந்நூற்றைம்பது அடியைத் தாண்டித்தான் சரிந்தது, அங்கே பாறையில் வெடிப்பு இருக்கலாம், இருக்கலாம், அவ்வளவுதான் என் படிப்பு சொல்லும், ஐந்நூற்று எண்பது அடி அண்ணாச்சி என்றேன், அவர் காதைப் பொத்திக்கொண்டார், எம்மா கட்டுப்படி ஆகாது, அவ்வளவு தோண்டினா உனக்குக் குடுக்க என்ன மிஞ்சும், இங்க வா, என்று கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டார், மண்டியில் அடுத்தவன் கண்ணுக்குத் தெரியாமல் விலை பேசுவதுபோல, விரலுக்கு நூறு, மூன்று விரலைப் பிடித்தார், நான் ஐந்தையும் நீட்டினேன், அவர் நான்கு, அப்பா பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்திருந்தார், என் ரத்தம் பழகிய விளையாட்டு, இறங்காதவள் வியாபாரி வீட்டுப் பெண்ணா, நான்கும் பிறகு விரலுக்குப் பத்தாக மூன்றும், நானூற்று முப்பது, கையை உதறினார், முடிஞ்சது, தரகர் பொண்ணுன்னா சும்மாவா, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ரூபாய்க்கட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், அன்றிரவு தூக்கத்தில் பாறை துண்டுக்கடியில் என் விரலைப் பிடித்தது, ஐந்தையும் பிடித்தது, நான் இழுக்க இழுக்க விடவில்லை, அது இறங்கவேயில்லை.

சரி, மூடுங்கப்பா, என்கிறார் அண்ணாச்சி, மூடாதீங்க, இது என் குரலா, ஐந்நூற்று எண்பதுதான் அண்ணாச்சி, அன்னைக்கு நான் பணத்துக்காகக் குறைச்சுட்டேன், குறைச்சது என் தப்பு, மேற்கொண்டு நூற்றைம்பது அடி என் கணக்கு, அப்பா என் முகத்தைப் பார்க்கிறார், பாப்பா, நாளைக்குப் பீசு, தெரியும்ப்பா, அவர் இடுப்பிலிருந்து ரூபாய்க்கட்டை எடுக்கிறார், அப்போதும் பழக்கம் விடவில்லை, தம்பி, அடிக்கு ஒரு பத்து ரூபாய் குறைச்சுக்க, லாரிக்காரர் எந்திரத்தைத் தட்டிக்கொண்டே, அண்ணே, பாறைகிட்டக் கேளுங்க, அது குறைச்சா நானும் குறைக்கேன்.

எந்திரம் அலறுகிறது, ஐந்நூறு, புழுதி, ஐந்நூற்று நாற்பது, புழுதி, ஒவ்வொரு அடியிலும் ஒரு வகுப்பு, ஒரு புத்தகம், விடுதி ஜன்னலோரக் கட்டில் உள்ளே போகிறது, ஐந்நூற்று எழுபதில் புழுதி பறக்காமல் தொப்பென்று காலடியில் விழுகிறது, கறுத்து, கட்டியாக, எண்பதில் பணம் தீர்ந்து எந்திரம் நிற்கிறது, அண்ணாச்சி குனிந்து அள்ளி, வத்தல் தரம் பார்ப்பதுபோல மோந்து, கசக்கி, மெதுவாகக் கேட்கிறார், இன்னும் எத்தனை அடி பாப்பா, ஒரு எண்ணைச் சொன்னால் போதும், எந்த எண்ணானாலும் இப்போது வாங்கிக்கொள்வார், என் நாக்கு நுனியில் பத்து, இருபது, தெரியாது அண்ணாச்சி, பத்தடியில வரலாம், வராமலும் போகலாம், இதென்னம்மா பதிலு, இவ்வளவுதான் நான் படிச்சது, அவர் கமிட்டிக்காரர்களைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார், நான் தரையில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறேன், கமிட்டி நானூற்று முப்பது, நான் நூற்றைம்பது, ஆக ஐந்நூற்று எண்பது அடி, வரவு இருபத்திநாலாயிரம், செலவு இருபத்திநாலாயிரம், கையிருப்பு ஒரு பிடி ஈர மண், பாக்கி, தண்ணீரும் என் மூன்றாம் பருவமும்.